கேனிஸ்டரைத் திறந்து பாதியைக் காலி செய்த கதை

என் மீன் தொட்டியின் கேனிஸ்டர் ஃபில்டரை, அதாவது தொட்டித் தண்ணீரை வெளியே இழுத்து வடிகட்டித் திருப்பி அனுப்புகிற மூடின டப்பாவை, கொல்லையில் வைத்து மூடியின் நாலு கிளிப்பையும் விடுவித்துத் தூக்கியதும் கொல்லைப்புறம் முழுக்கச் சேற்று வாடை. அழுகின முட்டை நாற்றம் இல்லை, அந்த மட்டுக்குத் தப்பித்தேன். வாய்க்கால் தூர்வாரும்போது பொக்லைன் வாளியிலிருந்து வழியுமே கருஞ்சேறு, அதே மாதிரி ஒரு குழம்பு கேனிஸ்டரின் கீழ்க்கூடையில் உட்கார்ந்திருந்தது. அதற்குள் எங்கேயோ ஒரு வெள்ளைப் பஞ்சு இருந்தது. ஒன்பது நாளுக்கு முன்னால் நான் புதிதாக வைத்த பஞ்சு.

மன்னார்குடியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருப்பது மூன்றடிக்கு ஒன்றரைக்கு ஒன்றரைத் தொட்டி. விளிம்பு வரை ஊற்றினால் 190 லிட்டர் பிடிக்கும். மண், கல், கட்டை எல்லாம் போக 150 லிட்டர் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். செடிகளில் பின்னால் வாலிஸ்நேரியா, நடுவில் கிரிப்டோகொரைன், கட்டையில் கட்டின ஜாவா ஃபெர்ன், வலது மூலையில் ரொட்டாலா. முன்பக்கம் தரையோடு படர்வதற்காக மார்சீலியா வாங்கினேன். பார்சலைப் பிரித்தபோது அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஆராக்கீரைக்கா காசு குடுத்து வாங்கியிருக்க?" என்றார். பங்காளிச் செடிதான், மறுக்க முடியவில்லை. வரப்பிலேயே பறித்து வந்திருக்கலாம். ஆனால் வயலில் அடித்த பூச்சிமருந்து இலையில் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் தொட்டியில் இருக்கிற செர்ரி இறால் மொத்தமும் போய்விடும். அந்த பயத்தில்தான் காசு கொடுத்தது.

தொந்தரவு ரொட்டாலாவில் ஆரம்பித்தது. நுனி சிவந்து அழகாகத்தான் இருக்கும், கீழ்த்தண்டில் இலை கொட்டும். கிரிப்டோகொரைன் இலைமேல் பவுடர் தூவின மாதிரி அழுக்குப் படியும். கட்டையின் வலது ஓரத்தில் கறுப்புத் தாடிப்பாசி. உரத்தைக் கூட்டிப் பார்த்தேன், குறைத்துப் பார்த்தேன், விளக்கை எட்டு மணி நேரத்திலிருந்து ஆறாக்கினேன். ஒருநாள் சாயங்காலம் மீனுக்குத் தூள் தீனி போட்டுவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. இடது ஓரத்து அவுட்லெட் குழாய் தள்ளின தூள் நடுத்தொட்டி வரை ஓடியது, அங்கே தயங்கி நின்றது, அப்படியே கீழே இறங்கிவிட்டது. ரொட்டாலா பக்கம் ஒரு துகள்கூடப் போகவில்லை.

அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகிற இடத்தில் சட்டர் ஏற்றி இறக்கின கை. மீன் தொட்டி விஷயத்தில் அவருக்கு மரியாதை கிடையாது. ஆனாலும் நான் ஃபில்டர் பெட்டியில் அச்சடித்திருந்த எண்ணைக் காட்டி மணிக்கு 1200 லிட்டர் தள்ளுகிற மோட்டார் இது என்று பெருமை பேசியபோது ஒன்று கேட்டார். "மேட்டூர்ல இத்தனை ஆயிரம் கனஅடி தொறந்துட்டாங்கன்னு பேப்பர்லயுந்தான் போடுறான். கடைமடைக்கு எவ்வளவு வந்துச்சுன்னு அளந்தியாடா?"

அளக்கவில்லை. மூன்று வருஷமாக ஓடுகிற ஃபில்டர், ஒருமுறைகூட அளந்ததில்லை.

அளப்பதற்கு ஒரு பத்து லிட்டர் வாளியும் போனில் ஸ்டாப்வாட்சும் போதும். அவுட்லெட் ஹோஸைக் கழற்றி, அதன் வாயைத் தொட்டியின் நீர்மட்ட உயரத்திலேயே பிடித்துக்கொண்டு வாளியில் விட வேண்டும். ஸ்டூல்மேல் வாளியை ஏற்றி வைத்தேன். இதில் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. ஹோஸைத் தரைக்கு இறக்கிப் பிடித்தால் தண்ணீர் தன் எடையிலேயே பாயும், மோட்டார் செய்யாத வேலைக்கும் சேர்த்து மார்க் போட்டுவிடுவோம். நீர்மட்டத்தில் பிடித்தபோது வாளி நிரம்ப 86 வினாடி ஆனது. மணிக்கு 419 லிட்டர். 150 லிட்டர் தொட்டிக்கு மூன்று சுற்றுக்கும் குறைவு, அதாவது மொத்தத் தண்ணீரும் மணிக்கு மூன்று முறைகூட ஃபில்டருக்குள் போய் வரவில்லை. செடித் தொட்டிக்கு ஐந்திலிருந்து பத்துச் சுற்று என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் பத்தெல்லாம் கேட்கிற ஆள் இல்லை. ஆனால் மூன்றுகூட இல்லை என்றால் எங்கே போய்ச் சொல்வது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கூடைகளை எல்லாம் எடுத்துவிட்டு வெறும் கேனிஸ்டரை மாட்டி ஓட்டினேன். பத்து லிட்டருக்கு 40 வினாடி, மணிக்கு 900. பெட்டியில் போட்ட 1200க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஹோஸ், வளைவு, வால்வு, தண்ணீர் உறிஞ்சுகிற முனையில் இருக்கிற வலைமூக்கு இவற்றில் போவது. அதில் நான் செய்ய ஒன்றுமில்லை. 900க்கும் 419க்கும் நடுவே போனதெல்லாம் நான் ஆசை ஆசையாக வாங்கி அடைத்து வைத்தவை.

என்னென்ன அடைத்திருந்தேன் என்று கொட்டிப் பார்த்தேன். கீழிலிருந்து மேலாகச் சொன்னால்: முதல் கூடையில் அடர்த்தியான வெள்ளைப் பஞ்சு இரண்டு மடிப்பு. இரண்டாவதில் செராமிக் ரிங் வாய் வரை. மூன்றாவதில் பாதி பயோ பால் என்கிற பிளாஸ்டிக் பந்து, பாதி பவளக்கல் துண்டு, ஒரு பை ஆக்டிவேட்டட் கார்பன், ஒரு பை ஜியோலைட். நாலாவதில் கறுப்பு ஸ்பாஞ்ச். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கடையில், ஒவ்வொரு காலத்தில், யாரோ நல்லது என்று சொல்லி வாங்கினது. சென்னைக் கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போனால் வெறுங்கையோடு திரும்புகிற பழக்கம் எனக்கு இல்லை.

வரிசையைப் பார்த்தால் ஒரு நியாயம் இருக்கிற மாதிரி தெரியும். முதலில் சொரசொரப்பான ஸ்பாஞ்ச், நடுவில் மீன் கழிவைச் சிதைக்கிற பாக்டீரியாவுக்கு இடம், கடைசியில் நைஸ் பஞ்சு. நான் பார்த்த வீடியோவிலும் மேலிருந்து கீழாக அப்படித்தான் வைத்தார்கள். கேடு என்னவென்றால் என் கேனிஸ்டரில் தண்ணீர் மேலிருந்து கீழே வருவதில்லை. இன்டேக் ஹோஸில் இறங்கின தண்ணீர் பக்கவாட்டில் ஒரு தனிப் பாதை வழியாக நேரே அடிக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொரு கூடையாக மேலே ஏறி, தலையில் இருக்கிற இம்பெல்லர் என்கிற மோட்டார் விசிறியால் வெளியே தள்ளப்படுகிறது. பெரும்பாலான கேனிஸ்டர்கள் இப்படித்தான். ஆக, தொட்டியிலிருந்து வருகிற அத்தனை கழிவும் அழுகின இலையும் முதலில் முட்டுவது என் நைஸ் பஞ்சில். அது பத்து நாளில் களிமண் பூசின சுவர் மாதிரி ஆகிவிடும். சொரசொரப்பான ஸ்பாஞ்ச் மேலே ஒய்யாரமாகப் புதுசு போலவே இருந்தது. மூன்று வருஷமாக அதைத் திறக்கும்போதெல்லாம் "பரவால்லையே, சுத்தமா இருக்கே" என்று வேறு சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

உங்களுடையது எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதில் சந்தேகம் இருந்தால், கூடைகளை எடுத்துவிட்டு இன்டேக் துளையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எங்கே போய் விழுகிறதோ அதுதான் முதல் கூடை.

இனி பொருள் பொருளாக.

பவளக்கல் துண்டிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. எங்கள் போர் தண்ணீரின் கேஹெச், அதாவது கரைந்திருக்கிற கார்பனேட்டின் அளவு, 7. தொட்டித் தண்ணீர் 12 காட்டியது. ஆவியாவதால் ஏறுகிறது என்று இத்தனை நாள் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு துண்டை எடுத்து, ஈரம் துடைத்து, சமையலறை வினிகரில் இரண்டு சொட்டு விட்டேன். சோடா பாட்டில் திறந்த மாதிரி 'ஸ்ஸ்' என்று பொங்கியது. காதுக்குப் பக்கத்தில் வைத்தால் சத்தமே கேட்டது. முழுக்கச் சுண்ணாம்பு. நான் ஒருபக்கம் சிலிண்டர் வைத்துக் கார்பன் டை ஆக்சைடு விடுகிறேன். அது தண்ணீரில் கரைந்து லேசான அமிலமாகிறது. அந்தத் தண்ணீர் கேனிஸ்டருக்குள் போய்ச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு திரும்பி வருகிறது. மலாவி சிக்ளிட் வளர்க்கிறவருக்கு இது வரம். செடி வளர்க்கிறவன் காசு கொடுத்து வாங்கிய தலைவலி. ஒரு துண்டு விடாமல் பொறுக்கி எடுத்தேன். கிளிஞ்சல், சிப்பி, வெள்ளை ஜல்லி எது கிடைத்தாலும் இப்போது முதல் வேலை வினிகர் சொட்டுதான்.

கார்பன் பை. இது கெட்ட பொருள் கிடையாது. புதுக்கட்டை போட்டுத் தண்ணீர் டீ டிகாஷன் மாதிரி ஆகும்போது, மீனுக்கு மருந்து போட்டு முடித்த பிறகு மிச்ச மருந்தை எடுக்க, நல்ல உபயோகம். சில வாரத்தில் அதன் நுண்துளைகள் நிரம்பி வேலை தீர்ந்துவிடும். என் பை இரண்டு வருஷம் பழையது. அதாவது அதை நான் கறுப்புக் கல்லாக மட்டும்தான் வைத்திருந்தேன். ஜியோலைட் இன்னும் வேடிக்கை. மீன் கழிவிலிருந்து வருகிற அம்மோனியத்தைப் பிடித்து வைப்பது அதன் வேலை. அம்மோனியம் செடிக்குச் சாப்பாடு. நைட்ரேட்டும் அம்மோனியமும் இருந்தால் பல நீர்ச்செடிகள் அம்மோனியத்தையே முதலில் எடுக்கும். கூடவே ஜியோலைட் பொட்டாசியத்தையும் கொஞ்சம் பிடிக்கும். நான் வாரம் இரண்டு முறை பொட்டாசியம் உரம் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு கையால் பரிமாறி மறு கையால் இலையை இழுத்த கதை. இரண்டு பையும் வெளியே.

பயோ பால் பற்றி ஒரே வார்த்தை. அது மேலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, நடுவே காற்று புகுந்து ஓடுகிற ஃபில்டருக்காகச் செய்தது. முழுக்க மூழ்கிக் கிடக்கிற கேனிஸ்டரில் அதற்கு வேலை குறைவு, இடம்தான் அடைக்கும். பிள்ளைகள் விளையாட எடுத்துப் போய்விட்டார்கள்.

செராமிக் ரிங்கில்தான் யோசனை ஓடியது. கடையில் சொல்கிற கணக்கு எல்லோருக்கும் தெரியும்: ஒரு லிட்டர் ரிங்குக்குள் இத்தனை சதுர மீட்டர் பரப்பு, கோடிக்கணக்கான பாக்டீரியா, எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. அந்தப் பரப்பில் பெரும்பகுதி உள்ளே இருக்கிற நுண்துளைகளில் இருக்கிறது. வெளிப்பக்கம் வழவழவென்று ஒரு படலம் வளர்ந்ததும் உள்துளைக்கு ஆக்சிஜன் போவது கஷ்டம். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற கூட்டத்துக்கு ஆக்சிஜன் இல்லாமல் எதுவும் நடக்காது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை முழுக்க மாற்ற ஏறத்தாழ நாலரை கிராம் ஆக்சிஜன் வேண்டும். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்து வைக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். சித்திரை மாதம் எங்கள் கூடத்தில் தொட்டி 31 காட்டும். அப்படி இருக்கும்போது தண்ணீர் ஓட்டத்தையே நெரித்து ரிங்கைக் குவித்தால், பாக்டீரியாவுக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டு மூச்சை அடைத்த மாதிரி.

அதோடு என் தொட்டியில் மீன் குறைவு, செடி அதிகம். இருபது ரஸ்போரா, ஆறு கோரிடோரஸ், இறால். செடியே அம்மோனியத்தை உறிஞ்சுகிறது. மண்ணிலும் கட்டையிலும் இலையிலும் பாக்டீரியா ஏற்கனவே குடியிருக்கிறது. சொரசொரப்பான ஸ்பாஞ்சே ஒரு நல்ல பாக்டீரியா வீடுதான். கொளத்தூரில் மீன் உற்பத்தி செய்கிறவர்கள் பலர் வெறும் ஸ்பாஞ்ச் ஃபில்டரில் எத்தனை தொட்டி ஓட்டுகிறார்கள் என்று பார்த்தால் புரியும். ஆகவே ரிங்கைப் பாதியாகக் குறைக்கலாம் என்று முடிவு செய்தேன். மீன் நெருக்கமாக வைத்து, பேருக்கு நாலு செடி நட்டிருப்பவர் இதைச் செய்ய வேண்டாம். செடிக்கென்று விற்கிற சத்து மண்ணான ஆக்வா சாயில் போட்டு முதல் மாதத்தில் இருப்பவரும் வேண்டாம், அந்த மண்ணே ஆரம்பத்தில் அம்மோனியா கக்கும்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு வீண் ஆசை வந்தது. எதிர்வீட்டுப் பழைய கூரையைப் பிரித்துத் தெருவில் நாட்டு ஓட்டைக் குவித்திருந்தார்கள். கடையில் லாவா கல் கிலோவுக்கு விலை சொல்கிறான், இது சும்மா கிடக்கிறது. இதுவும் சுட்ட மண், இதிலும் துளை உண்டு. அப்பா பார்த்துவிட்டு, "காளவாயில நடுவுல இருந்து வெந்ததா பாத்து எடு, ஓரத்துல இருந்தது கரைஞ்சுடும்" என்றார். சுண்டினால் 'டிங்' என்று கேட்பதாக ஏழெட்டு ஓடு பொறுக்கி, கோணியில் போட்டுச் சுத்தியலால் சுண்டைக்காய் அளவுக்கு உடைத்தேன். பல துண்டில் பழைய சுண்ணாம்புச் சாந்து ஒட்டியிருந்தது. வினிகரில் பொங்கினதெல்லாம் குப்பைக்கு. மிச்சத்தை ஒரு ராத்திரி வாளியில் ஊற வைத்தேன். மறுநாள் காலை தண்ணீர் செம்மண் குழம்பு. ஆறு முறை அலசின பிறகுதான் தெளிந்தது. இத்தனை பாட்டுக்கு லாவா கல்லே வாங்கியிருக்கலாம் என்று ஐந்தாவது அலசலில் தோன்றாமல் இல்லை.

ஸ்பாஞ்சுக்கு வருகிறேன். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள், நானும் விட்டிருக்கிறேன். முன்பு ஒருமுறை மெத்தை தைக்கிற கடையில் வெட்டின நுரைப் பஞ்சு வாங்கிப் போட்டேன். இரண்டே வாரத்தில் அப்பளம் மாதிரி தட்டையானது. சோபாவுக்குப் போடுகிற நுரையில் தீப்பிடிக்காமல் இருக்க மருந்து கலப்பதும் உண்டு என்று பிறகு தெரிந்ததும் விட்டுவிட்டேன். ஃபில்டருக்கென்றே விற்கிற ஸ்பாஞ்சில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை துளை என்று பிபிஐ கணக்குப் போட்டிருப்பார்கள். இருபது சொரசொரப்பு, முப்பது நடுத்தரம், நாற்பத்தைந்து நைஸ். நான் இருபதும் முப்பதும் வாங்கினேன்.

வெட்டுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கூடையின் உள் அளவைக் காலண்டர் அட்டையில் வரைந்து, அதைவிட நாலு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக ஸ்பாஞ்சை வெட்ட வேண்டும். தண்ணீர் சோம்பேறி. ஓரத்தில் ஒரு நூல் இடைவெளி கிடைத்தால் ஸ்பாஞ்சுக்குள் நுழையாமல் அந்த வழியாகவே மேலே போய்விடும். பிறகு உள்ளே எவ்வளவு விலைக்குப் பொருள் வைத்தும் பிரயோசனம் இல்லை. பெரிதாக வெட்டினதை லேசாக அமுக்கி உள்ளே விட்டால் நாலு சுவரையும் பிடித்துக்கொள்ளும். அமுக்கிப் பிதுக்கினால் துளை மூடிக்கொள்ளும், அதுவும் கூடாது. கத்தரிக்கோல் ஓரத்தைச் சாய்த்துவிடுகிறது. புது பிளேடு போட்ட கட்டரால், ஸ்பாஞ்சை அழுத்தாமல் இழுத்து இழுத்து வெட்டினால் சுவர் நேராக வரும். கூடைக்கும் கூடைக்கும் நடுவே ஒரு மெல்லிய ரப்பர் வளையம் வரும் மாடல்களில் அது இருக்கிறதா என்று பாருங்கள். என்னுடையதில் ஒன்று எப்போதோ காணாமல் போயிருந்தது. அந்த இடத்தில் ஸ்பாஞ்ச் பட்டை ஒன்றைச் செருகினேன்.

கடைசியில் இப்படி அமைந்தது. அடிக்கூடையில் இருபது பிபிஐ ஸ்பாஞ்ச், முழு உயரத்துக்கு. அதற்கு மேல் முப்பது பிபிஐ. மூன்றாவது கூடையில் அடியில் ஓட்டுத் துண்டு, மேலே பழைய செராமிக் ரிங் ஒரு லிட்டர் அளவுக்கு, தண்ணீர் புகுந்து விளையாடுகிற மாதிரி தளர்வாக. மேல்கூடை காலி. ஆமாம், காலியாகவே விட்டேன். செடி வெட்டும் வாரத்தில், மண் கலங்கும் அன்றைக்கு, ஒரே ஒரு மெல்லிய மடிப்பு வெள்ளைப் பஞ்சை அங்கே விரிப்பேன். இரண்டு நாளில் எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவேன். அதைத் துவைத்து மறுபடி வைக்கிற சிக்கனம் வேண்டாம். மறுபடி கட்டை கறை விட்டால் கார்பனோ, நிறமும் கரைந்த கழிவும் பிடிக்கிற பியூரிஜெனோ ஒரு பை வைக்க இடம் இருக்கிறது.

ரிங்கைப் பழசிலிருந்து எடுக்கும்போது தொட்டியிலிருந்து உறிஞ்சின தண்ணீரிலேயே ஒரு அலசு அலசினேன். நகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதில் கழுவினால் பாக்டீரியாவைக் கொன்று கழுவுகிறோம் என்று அர்த்தம். போர் தண்ணீர்தான் எங்களுக்கு என்றாலும் பழக்கம் நல்லதாக இருக்கட்டும். வேண்டாமென்று ஒதுக்கின பாதி ரிங்கை உடனே தூக்கிப் போடவில்லை. வெங்காயம் வருகிற நைலான் வலையில் கட்டித் தொட்டிக்குள் அவுட்லெட்டுக்கு நேரே இரண்டு வாரம் தொங்கவிட்டேன். கணக்குத் தப்பினால் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் அல்லவா. தினமும் ராத்திரி அம்மோனியா சோதனைக் குழாயை வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தேன். அம்மோனியா இல்லையென்றால் மஞ்சள், இருந்தால் பச்சை. மூன்றாம் நாள் மஞ்சள் லேசாகப் பச்சைக்கு ஓடிய மாதிரி ஒரு பிரமை. டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாமே பச்சைதான் என்று மனைவி சொன்னாள். காலை வெயிலில் பார்த்தால் சுத்த மஞ்சள்.

மாட்டி முடித்து வாளிச் சோதனை: பத்து லிட்டர், 52 வினாடி. மணிக்கு 692. நாலரைச் சுற்று. அப்பாவிடம் சொன்னேன். "தூர்வாரினா வரும்" என்று டீயைக் குடித்தார்.

இதோடு நல்லபடியாக முடிந்திருந்தால் இதை எழுதவே தோன்றியிருக்காது. அன்று ராத்திரி இரண்டு மணிக்கு மனைவி எழுப்பினாள். "ஏங்க, கூடமெல்லாம் ஈரமா இருக்கு." கேனிஸ்டர் மூடி ஓரத்தில் வினாடிக்கு ஒரு சொட்டு. நாலு மணி நேரத்தில் மரப்பெட்டியின் அடித்தட்டு உப்பிவிட்டது. மின்சாரத்தைப் பிடுங்கி, வால்வை மூடி, கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டார்ச் அடித்து, மூடியை அடைக்கிற ரப்பர் வளையமான ஓ-ரிங்கை விரலால் தடவினால் ஒரே இடத்தில் நெருடுகிறது. கடுகில் கால்வாசி இருக்கும், ஓட்டுத்தூள் ஒன்று. என் நாட்டு ஓடு ஆராய்ச்சியின் கூலி. ரப்பர் வளையத்தைக் கழற்றி, அது உட்காருகிற பள்ளத்தைப் பழைய டூத் பிரஷால் தேய்த்து, சிலிக்கான் கிரீஸை விரல்நுனியில் எடுத்து மெலிதாகப் பூசினேன். ஆர்ஓ சர்வீஸ் செய்கிறவரிடம் கேட்டால் சின்ன டப்பா தருவார். கிளிப்புகளை எதிரெதிராகப் போட்டு இறுக்கினேன், ஒரே பக்கமாகப் போட்டுக்கொண்டே வந்தால் மூடி சாய்ந்து உட்காரும். அன்றிலிருந்து கேனிஸ்டர் ஒரு பெரிய பிளாஸ்டிக் அன்னக்கூடைக்குள்தான் நிற்கிறது.

கரண்ட் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும், எங்கள் பக்கம் அதைச் சொல்லாமல் முடியாது. 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது என்னிடம் இரண்டடித் தொட்டியும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் மட்டும்தான். மாவட்டத்தில் பல ஊரில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. தென்னை விழுந்து கிடந்த வீட்டில் மீனைப் பற்றி யாரும் பேசவில்லை, பேசவும் கூடாது. சொம்பில் மொண்டு மொண்டு தொட்டிக்குள்ளேயே ஊற்றினேன், பாதி மீன் தங்கியது. அப்போது கேனிஸ்டர் இருந்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். ஓட்டம் நின்ற கேனிஸ்டர் மூடின பானை. உள்ளே இருக்கிற பாக்டீரியா மிச்ச ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிட்டு மடிய ஆரம்பிக்கும், அழுக்கு அழுகும். வெயில் காலத்தில் சில மணி நேரமே போதும். கரண்ட் வந்ததும் மோட்டார் அந்தத் தண்ணீரை அப்படியே மீன்மேல் தள்ளும்.

அதனால் எனக்கு ஒரு விதி வைத்திருக்கிறேன். இரண்டு மணி நேரம் வரை இன்வெர்ட்டர் பார்த்துக்கொள்ளும். அதற்கு மேல் இழுக்கும் என்று தெரிந்தால் கேனிஸ்டரைத் திறந்து, மூன்றாவது கூடையை எடுத்து அப்படியே தொட்டிக்குள் இறக்கிவிடுவேன். பேட்டரியில் ஓடுகிற சின்ன ஏர் பம்ப் ஒன்று தொட்டியைப் பார்த்துக்கொள்ளும். கரண்ட் வந்த பிறகு கேனிஸ்டரில் நின்ற தண்ணீரை வாழைக்கு ஊற்றிவிட்டு, ஸ்பாஞ்சைப் பிழிந்துவிட்டுத்தான் மாட்டுவது. நாலு கூடையிலும் பொருள் நிரம்பியிருந்த காலத்தில் இதை நினைத்தாலே மலைப்பாக இருக்கும். ஒரே கூடை என்பதால் இப்போது ஐந்து நிமிட வேலை.

அவுட்லெட்டையும் கொஞ்சம் திருப்பினேன். முன்பு நேரே எதிர்ச் சுவரைப் பார்த்து இருந்தது. இப்போது முன்கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு போகிற மாதிரி சாய்த்திருக்கிறேன். தண்ணீர் முன்னால் ஓடி, வலது மூலையில் திரும்பி, ரொட்டாலாவுக்குள் புகுந்து பின்சுவர் வழியாக இன்டேக்குக்குத் திரும்புகிறது. மேல்மட்டம் லேசாக நெளிந்தால் போதும். அலை அடிக்கவிட்டால் சிலிண்டரிலிருந்து காசு கொடுத்து விடுகிற வாயு கூரைக்குப் போய்விடும். தூள் தீனி இப்போது ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டுத்தான் தரையைத் தொடுகிறது. ரொட்டாலாவின் கடைசித் தண்டு வரை இலை ஆடுகிறது.

தாடிப்பாசி தானாகப் போகவில்லை. ஓட்டம் சரியானதும் எல்லாம் மறைந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். கட்டையை வெளியே எடுத்து, பாசியைப் பிரஷால் தேய்த்து, பாழான ஜாவா ஃபெர்ன் இலைகளை வெட்டித்தான் ஒழித்தேன். ஆறு வாரமாகத் திரும்பி வரவில்லை. கேஹெச் வாரா வாரம் தண்ணீர் மாற்ற மாற்ற இறங்கி 8க்கு வந்திருக்கிறது.

போன ஞாயிறு, ஏழாவது வாரம், திறந்தேன். அடிக்கூடை ஸ்பாஞ்சில் வண்டல் மாதிரி பழுப்புச் சேறு, ஈர மண் வாசனை. முப்பது பிபிஐ ஸ்பாஞ்ச் பாதிதான் அழுக்கு. மூன்றாவது கூடையில் ஓட்டுத் துண்டுகளுக்கு நடுவே குட்டி இறால் இரண்டு உயிரோடு உலாவிக்கொண்டிருந்தன, எப்படி வலைமூக்கைத் தாண்டி வந்தன என்று தெரியவில்லை. திறப்பதற்கு முன்னால் அளந்திருந்தேன்: 58 வினாடி, 620 லிட்டர். அடி ஸ்பாஞ்சை மட்டும் தொட்டித் தண்ணீரில் நாலு முறை பிழிந்தேன், மற்ற எதையும் தொடவில்லை. பிழிந்த தண்ணீர் கறிவேப்பிலைக்குப் போனது. மறுபடி மாட்டி அளந்தபோது 53 வினாடி, மூடிமேல் மார்க்கரால் தேதியும் 53 என்றும் எழுதி வைத்திருக்கிறேன். அது 75ஐத் தொட்டால் அடுத்தமுறை திறப்பேன்.